ஒன்பதாம் நாள் கட்டம்

"ஹலோ... ஹலோ, அழகுமலையண்ணன் நம்பருங்களா... ஆங், வச்சுராதீங்க, வச்சுராதீங்க... லோன் கம்பெனி இல்லங்க... ஓடிபி எல்லாம் கேக்க மாட்டோம்... மதுரையில இருந்து பேசுறோம்... ஆமா, ஆஸ்பத்திரிதான். போன வியாழக்கிழமை உங்க ஊர்ல கேம்ப் போட்டப்ப உங்களுக்குப் பிரஷர் எடுத்தாங்கள்ல, அது விசயமா..."

வைத்துவிட்டார்.

ஆன்மேரிக்கு இது பழகிப்போன சங்கதி. காலையிலிருந்து அவள் கூப்பிட்ட இருபத்திரண்டு பேரில் பதினான்கு பேர், ஆஸ்பத்திரி என்ற சொல் காதில் விழுந்ததும் வைத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் வைப்பதற்கு முன்னால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வைத்தார். அந்த மட்டுக்கும் பேசினாரே என்று நினைத்துக்கொண்டாள்.

கொரோனா வந்துபோன பிறகு இப்படித்தான் ஆகிவிட்டது. மாதம் தவறாமல் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வாங்கிக்கொண்டிருந்த சனங்களில் பாதிப்பேர் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. போனால் பிடித்து வைத்துக்கொள்வார்கள், பொட்டலமாகக் கட்டித்தான் திருப்பித் தருவார்கள் என்ற பயம் ஊருக்கு ஊர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அரசாங்கமும் சும்மா இல்லை. கட்டடம் புதுசு, மிஷின் புதுசு, போர்டு புதுசு. இந்த அழைப்பு மையமும் அப்படி வந்ததுதான். மதுரையில் ஒரு மாடி, பத்து மேஜை, பத்து நர்ஸ்கள். மாத்திரையை விட்டவர்களின் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகப் போனில் பிடித்து மறுபடி வரவழைக்க வேண்டும். பேசுவதெல்லாம் பதிவாகும். மக்களின் நம்பிக்கையை மீட்டெடுக்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார்கள். நம்பிக்கை என்னவோ அடகுக்கடையில் இருப்பது மாதிரி.

இந்த ஒரு நம்பரைத்தான் எட்டு மாதமாக அவள் தொடாமல் தப்பித்து வந்தாள். அழகுமலை, வயது ஐம்பத்தெட்டு, மாவு மில், பேரையூர் பக்கம். பட்டியலில் அந்தப் பெயர் வரும்போதெல்லாம் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிடுவாள். இன்றைக்குத் தள்ள வழியில்லை. மையத்தைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் விஸ்வநாத் தானே வந்து தாளை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பிரஷர் இருநூற்றுப் பத்து. கேம்ப்பில் அந்த எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் மனிதர் எழுந்து போய்விட்டாராம். கொரோனா நேரத்தில் அந்த வீட்டுக்குப் பேசியது யார் என்று பழைய கணக்கைப் பார்த்தால் உங்கள் பெயர் இருக்கிறது, நீங்கள் சொன்னால் கேட்பார் என்றார்.

நீங்கள் சொன்னால் கேட்பார். அவள் தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வது? மறுபடி நம்பரைப் போட்டாள்.

"ஹலோ... அண்ணே, வச்சுராதீங்க, ஒரே ஒரு நிமிசம்... நான் ஆன்மேரி பேசுறேன்... ஆன்மேரி... சிஸ்டரு. கொரோனா நேரத்துல தெனமும் காலையில பத்து மணிக்குப் பேசுவேன்ல... ஹலோ... சத்தமா இருக்கே, மில்லு ஓடுதா... செத்த நிறுத்துங்கண்ணே..."

மில் நின்றது. அது நின்ற பிறகுதான் மறுமுனையில் ஒரு மனிதர் மூச்சு விடுவது கேட்டது.

"...ஆமாண்ணே... ஆமா ஆமா, நானேதான்... நல்லா இருக்கேன்... நாலு வருசம் ஓடிப்போச்சு பாருங்க... இல்லண்ணே, செத்தெல்லாம் போகல, உசுரோடதான் இருக்கேன்... உங்க காதுல யாரு போட்டது அத... அது வேற சிஸ்டரு. பாவம், அவங்கதான் போயிட்டாங்க... எனக்கு அதே வேலைதான். அப்ப ஸ்கூல்ல பெஞ்சைப் போட்டு உக்காந்து பேசுனோம், இப்ப ஏசி ரூம்பு... பழங்காநத்தந்தான். அதே வீடு, அதே மாடி... தனியாத்தான்... தம்பி ஜூடு துபாய்ல இருக்கான், கிறிஸ்மஸுக்குப் பேசுவான்... சாப்ட்டேண்ணே... தயிர்சாதம்... ஊறுகா இல்ல, தீந்துபோச்சு..."

ஒரு நாளைக்கு நாற்பது பேருடன் பேசுகிறவள் அவள். நாற்பது பேரிடமும் சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, தூக்கம் வருகிறதா என்று கேட்கிறாள். அவளைத் திருப்பிக் கேட்க ஒருத்தரும் கிடையாது. கொரோனா சமயத்தில் வீட்டுக்காரம்மா அவளுக்கென்று தனி வாளியை மாடிப்படியில் வைத்துவிட்டு, குழாய்ப் பக்கம் வராதே என்றாள். பிறகு வாளி போய்விட்டது, பேச்சுவார்த்தை திரும்ப வரவில்லை. மாதா கோயிலுக்குப் போனாலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பூசை முடிந்ததும் கிளம்பிவிடுவாள். இந்த மனுசன் மட்டும் அந்தக் காலத்திலேயே திருப்பிக் கேட்கிற ஆள். பொண்டாட்டி பாக்கியத்துக்குத்தான் நோய். அவள் உள் அறையில் போனும் கையுமாகப் படுத்துக் கிடந்தாள், இவர் வெளியே மில் கொட்டகையில் ஒதுங்கியிருந்தார். ஆன்மேரி பேசும்போதெல்லாம் பாக்கியம் ஸ்பீக்கரில் போடுவாள். சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு இவர், அந்தச் சிஸ்டர் சாப்பிட்டதா கேளு என்று குரல் கொடுப்பார்.

"அண்ணே, என் கதை கெடக்கட்டும். உங்க உடம்பு எப்படி இருக்கு, அதச் சொல்லுங்க... தலவலியா... எத்தன நாளா... மாத்திர எப்ப நிறுத்துனீங்க... அக்கா போனதுல இருந்தா... நாலு வருசமாவா போடல... வேற என்ன பண்ணுது... கையா... எந்தக் கை... இடது கை... மரத்துப்போகுதுன்னா எப்படி, எறும்பு ஊர்ற மாதிரியா... காலையில டம்ளர் கீழ விழுந்துருச்சா... அண்ணே, அண்ணே, ஒண்ணு பண்ணுங்க. ரெண்டு கையையும் நேரா நீட்டுங்க. ரெண்டும் ஒரே மட்டத்துல நிக்குதா... போன அப்படி ஓரமா வச்சுட்டு நீட்டுங்க... நிக்குதா... சரி. பேச்சு கொழறல, நல்லாத்தான் பேசுறீங்க... வாய் கோணுனாப்புல யாரும் சொன்னாங்களா... சரி சரி. இப்ப சரியாப் போச்சுல்ல..."

இதெல்லாம் எங்கே போய் முடியும் என்று முப்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்தவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு நாளில் முடியலாம், இன்று சாயங்காலமே முடியலாம். மனிதர் மில்லுக்குள்ளேயே சரிந்து விழுவார். மாவு வாங்க வந்த யாராவது பார்த்துத் தூக்கினால் உண்டு.

"அண்ணே, இத விளையாட்டா எடுக்காதீங்க. இன்னைக்கே பேரையூர் ஆஸ்பத்திரிக்குப் போகணும்... நாளைக்கு இல்ல, இன்னைக்கு... மில்லு கெடக்கட்டுமே, மொளகா எங்க போயிரப்போவுது... இருங்க, ஆம்புலன்ஸ் அனுப்பவா... சரி சரி, வேணாம். அனுப்பல. அந்தச் சைரன் சத்தமே வேணாம்... பஸ்ஸுல போங்க. கூட ஆள் கூட்டிட்டுப் போங்க, தனியாப் போகாதீங்க... மக சுபலட்சுமி எங்க இருக்கு... திருப்பூர்லயா... சரி, பக்கத்துல யாரையாச்சும்... சங்கிலியா, சரி, அவரக் கூட்டிட்டுப் போங்க..."

கொஞ்ச நேரம் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க அவள் முகம் இளகியது. ஒரு மனுசர் தன் பேச்சை நம்பி எழுந்து வருகிறார் என்றால் எந்த நர்ஸுக்குத்தான் சந்தோசம் வராது?

"...நான் சொன்னா வாரீங்களா... ரொம்ப சந்தோசம்ணே... யாரு பேச்சையும் கேக்க மாட்டீங்க, எம் பேச்சக் கேப்பீங்களா... சரிண்ணே, சரிண்ணே... என்னது, சனிக்கிழமை கூட்டமா... ஆமா, எங்க ஆளுகதான் போடுறாங்க, ஊருக்கு ஒருத்தர் பேசணும்னு... நீங்க மாட்டேன்னுட்டீங்களாமே... இப்பப் பேசுறீங்களா... மைக் புடிச்சா... நெசமாவா..."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த விஸ்வநாத்தின் காதிலும் ஒரு ஹெட்போன் இருந்தது. அவர் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இப்படி ஓர் ஆள் கிடைக்க வேண்டும் என்றுதான் அவர் இரண்டு மாதமாகத் தவம் கிடக்கிறார். அந்த ஊரில் மில்லுக்கு வராத வீடு கிடையாது. அழகுமலை ஒரு வார்த்தை சொன்னால் முப்பது பேராவது மாத்திரைக்கு வருவார்கள்.

"...என்னண்ணே பேசுவீங்க... ஆமா... ஆமா, தெனமும் பத்து மணிக்கு... பதினாலு நாள்ல... ஒரு நாள் விடாம..."

அவள் குரல் இறங்கியது.

"...ஒரு நாள் விடாமயா... அண்ணே, அது... சரி, சொல்லுங்க, கேக்குறேன்... அக்கா மேலயா... எதுக்கு அக்கா மேல கோவம்... எங்கிட்டப் பொய் சொன்னாங்களா... பாக்கியக்காவா... எப்ப... அக்கா போனதுக்கு முந்துன நாளா... இருங்க, இருங்க. அன்னைக்கு நான் போன் பண்ணேன்னு உங்களுக்கு யாரு சொன்னது... அக்காதானா... சன்னல்ல நின்னு நீங்க கேட்டப்பவா... சிஸ்டர் பேசிருச்சு, நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேன், அப்படின்னாங்களா... மூச்சு வாங்குறத எங்கிட்ட மறச்சுட்டாங்களா... அதத்தான் மைக்குல சொல்லப் போறீங்களா... சிஸ்டர்மாருககிட்டப் பொய் சொல்லாதீங்க, எம் பொண்டாட்டி பொய் சொல்லித்தான் செத்தான்னு..."

மேஜையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திறக்காமல் மறுபடி வைத்தாள்.

விசயம் இதுதான். அன்றைக்கு நோய் வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சார்ட் இருந்தது. பதினாலு நாளைக்குப் பதினாலு கட்டம். போன் பண்ணிக் கேட்டுவிட்டு, நலம் என்றால் 'ந', காய்ச்சல் என்றால் 'கா', மூச்சுத்திணறல் என்றால் 'மூ' என்று எழுத வேண்டும். 'மூ' விழுந்த வீட்டுக்கு ஆம்புலன்ஸ் போகும். பாக்கியத்தின் ஒன்பதாம் நாள் கட்டத்தில் ஆன்மேரி 'ந' போட்டாள். அந்த 'ந'வைப் போடுவதற்கு முன்னால் அவள் போனைத் தொடவே இல்லை. மறுநாள் பத்து மணிக்குக் கூப்பிட்டபோது பாக்கியத்தின் போனை அழகுமலை எடுத்தார். எல்லாம் முடிந்தது என்ற சேதியை மட்டும் சொல்லி வைத்தார். அவர் ஏன் தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது நாலு வருடமாக அவளுக்குப் புரியாமல் இருந்தது. இப்போது புரிந்தது. அவர் செத்துப்போனவளைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

சும்மா இருந்திருக்கலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மனிதர் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவார், பிழைப்பார், சனிக்கிழமை மைக் பிடிப்பார், முப்பது பேர் வருவார்கள். ஆன்மேரிக்கும் மாதம் ஒரு தடவையாவது சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆள் இருக்கும். சொன்னால் இத்தனையும் போகும். கோபத்தில் அவர் போகாமலே இருந்துவிட்டால் ஓர் உயிரும் போகும். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் பாக்கியத்தை ஊர்கூடிப் பொய்க்காரி ஆக்குவதை எப்படிக் காதில் வாங்கிக்கொண்டு ஆமா ஆமா என்பது?

"அண்ணே... அண்ணே, செத்த இருங்க. நான் ஒண்ணு சொல்லணும்... இல்ல, அத அப்பறம் பேசுவோம். மொதல்ல இதக் கேளுங்க. அன்னைக்கு நான் போன் பண்ணல."

"...அந்த ஒம்பதாம் நாளு. புதன்கிழமை... பண்ணலண்ணே... இல்ல, மறதி இல்ல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு... லைன் கெடைக்காம இல்லண்ணே. டவர் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நான் போடவே இல்ல... அக்கா எங்கிட்டப் பொய் சொல்லல. எங்கிட்டப் பேசுனாத்தான எங்கிட்டப் பொய் சொல்ல முடியும்... உங்ககிட்டத்தான் சொல்லியிருக்காங்க, நான் பேசுனேன்னு... ஏன்னு எனக்குத் தெரியாதுண்ணே. நீங்க பயந்துருவீங்கன்னு இருக்கலாம். இல்லாட்டி, நேரமாச்சு, எப்படியும் நான் பண்ணிருவேன்னு நெனச்சு இருந்திருப்பாங்களோ என்னமோ... தெரியல... ஆமா... ஆமா, அவங்க அன்னைக்கு முழுக்க அந்தப் போனப் பாத்துக்கிட்டுத்தான் படுத்திருந்திருப்பாங்க."

மறுமுனையில் மில்லுக்கு யாரோ வந்து கூப்பிடுவது தூரத்தில் கேட்டது.

"...யாருக்கா... வேற யாருக்கும் பேசிட்டு இருக்கலண்ணே... தூங்கிட்டேன்."

காரணம் சொல்ல வேண்டுமானால் அவளிடம் இருந்தது. நாலு நாளாக அவள் வீட்டுக்குப் போகவில்லை. நாலு பேர் பார்க்க வேண்டிய வேலையை இரண்டு பேர் பார்த்தார்கள், அந்த இன்னொருத்திக்கும் அன்று காலையில் காய்ச்சல் வந்துவிட்டது, பத்து மணிக்குப் பேச வேண்டிய வீடுகளும் மதியத்துக்குத் தள்ளிப்போயின. மதியம் ரெண்டு மணிக்கு வகுப்பறை பெஞ்சில் பத்து நிமிடம் சாய்வோம் என்று சாய்ந்தவள், எழுந்தபோது மணி ஆறு. இதையெல்லாம் அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் மனசு இரங்கிவிடுவார் என்று பயந்து சொல்லாமல் விட்டாள்.

"...ஆறு மணிக்கு எந்திரிச்சேன். ஆறரைக்குச் சார்ட்ட மேல அனுப்பணும். பதினோரு வீடு பாக்கி இருந்துச்சு... ஆமா... பதினோரு வீட்டுக்கும் 'ந' போட்டு அனுப்பிட்டேன்... போன் பண்ணாமத்தான்... பதினோரு வீட்டுக்கும்... மத்த பத்துப் பேரும் நல்லா இருந்தாங்கண்ணே."

கண்ணாடிக்குப் பின்னால் விஸ்வநாத் எழுந்து நின்றிருந்தார். ஹெட்போனைக் கழற்றவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. அவள் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"...இருக்கேன்... ஆமா... ஆமா... நாந்தான்... இல்ல, யாரும் அப்படிப் போடச் சொல்லல. அரசாங்கத்து மேல பழியப் போட மாட்டேன். நானேதான் போட்டேன்... ஆமா... எட்டு மாசமா உங்க பேரு எங்கிட்ட வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு, நாந்தான் தள்ளி விட்டேன்... பயந்தாங்கொள்ளிதான்... சொல்லுங்க... கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், வைக்க மாட்டேன்... கொன்னுட்டேன்னா... நான் போன் போட்டிருந்தா மூச்சு எளைக்கிறது எனக்குக் கேட்டிருக்கும். வண்டி அனுப்பியிருப்பேன். அது வரைக்கும் எனக்குத் தெரியும். அதுக்கு மேல பொழச்சிருப்பாங்களா மாட்டாங்களான்னு ஆண்டவருக்குத்தான் தெரியும்... ஆமா, அவரத்தான் கேக்கணும். தெனமும் கேக்குறேன்..."

அவர் அழுதாரோ, திட்டினாரோ, இரண்டும் சேர்ந்தோ. ஆன்மேரி கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். நடுவில் ஓர் இடத்தில் அவளுக்கு விலுக்கென்றது. கன்னத்தில் அடி விழுந்தால் கூட அப்படி வலித்திருக்காது.

"...சரி... சரிங்க... அண்ணேன்னு கூப்பிடல... இல்லங்க, இனிமே சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தங்கச்சி மொற கொண்டாட எனக்கு யோக்கியத இல்லதான்... ஆனா ஒண்ணு கேளுங்க. வச்சுராதீங்க. அது நாலு வருசத்துக்கு முன்னாடி போச்சு. கை மரத்துப்போனது இன்னைக்குக் காலையில... டம்ளர் விழுந்தது இன்னைக்கு... இல்ல, நீங்க போகணும். எம்மேல உள்ள கோவத்த உங்க உடம்பு மேல காட்டாதீங்க... போக மாட்டீங்களா... போயி என்ன ஆவப்போவுதா... சுபலட்சுமி ஒத்தப் புள்ள. அதுக்கு அம்மாவும் இல்லாம அப்பனும் இல்லாம ஆக்கணுமா, சொல்லுங்க..."

"...யார நம்பியா... யாரையும் நம்பாதீங்க. நெசமாத்தான் சொல்றேன். நம்பாம போங்க. நம்பிக்கிட்டு இருந்தீங்கள்ல, அதுலதான அப்படி ஆச்சு... போயி ஒவ்வொண்ணாக் கேளுங்க. பிரஷர் எம்புட்டுன்னு கேளுங்க. என்ன மாத்திர, எதுக்கு, எத்தன நாளைக்குன்னு கேளுங்க. சொல்லலேன்னா எடத்த விட்டு எந்திரிக்காதீங்க... ஒரு நோட்டு வாங்குங்க. இனிமே எங்க ஆளு உங்களுக்கு வாரா வாரம் போன் பண்ணணும், அது சட்டம். பண்ணுனா நீங்க தேதி போட்டு எழுதுங்க. பண்ணலேன்னா, பண்ணலேன்னு எழுதுங்க. நாங்க எழுதுனது போதும், இனி அத நீங்க எழுதுங்க... ஆமா, கூட்டத்துக்கும் அந்த நோட்டத்தான் கொண்டு போகணும். ஒம்பதாம் நாளு என்ன நடந்துச்சுன்னு மைக்குல சொல்லுங்க... எம் பேரச் சொல்லியே சொல்லுங்க. எனக்கு வேல போனாப் போகட்டும். மூணு வருசந்தான் சர்வீஸ் இருக்கு... இல்லங்க, வீறாப்பு இல்ல. அக்கா பேரு கெடக் கூடாது, அம்புட்டுத்தான்."

இந்த யோசனையை அவள் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னாள், சொல்லிக் கேட்ட பிறகு அது சரியாகத்தான் இருந்தது. கட்டத்தை நிரப்புகிறவளைப் பார்க்க ஒரு கண் அன்றைக்கு இருந்திருந்தால் அவள் அடித்துப் பிடித்துப் பதினோரு வீட்டுக்கும் பேசிவிட்டுத்தான் சார்ட்டை அனுப்பியிருப்பாள். லேட்டானால் ஆகட்டும் என்று விட்டிருப்பாள்.

மறுமுனையில் ஓர் இருமல் கேட்டது. பிறகு பேச்சு.

"...ஆங், இருக்கேங்க... பேரையூர்ல இன்னைக்கு மாதங்கின்னு ஒரு லேடி டாக்டரு இருக்காங்க. நல்லவங்களான்னு நான் சொல்ல மாட்டேன், நீங்க பாத்துத் தெரிஞ்சுக்கங்க... பஸ்ஸு மூணே முக்காலுக்கா... அதுக்கு இன்னும் இருவது நிமிசந்தான் இருக்கு... சங்கிலி பைக் வச்சிருக்காரா, அப்ப அதுலயே போயிருங்க... பின்னாடி உக்காருங்க, நீங்க ஓட்டாதீங்க... சட்டையெல்லாம் மாத்த வேணாம், மாவு கெடந்தாக் கெடக்கட்டும்... போறீங்கள்ல... எனக்காக இல்ல, சரி. மகளுக்காகத்தான். சரிங்க, ரொம்ப..."

நல்லது என்று சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"...நானா... இல்லங்க, நான் அங்கிட்டு வர மாட்டேன்... சரிங்க... இனிமே பண்ண மாட்டேங்க... ஆமா, வேற சிஸ்டரு பண்ணுவாங்க. ஜாய்ஸுன்னு ஒரு புள்ள. அது நல்லாப் பேசும். அந்தப் போன மட்டும் எடுங்க... இல்லங்க, எங்குரல் உங்க காதுல விழாது. சத்தியமா விழாது... போயிச் சேந்துட்டீங்களான்னு மட்டும்... சரி, அதையும் கேக்கல. டாக்டரு எழுதி அனுப்புவாங்க, அதுல பாத்துக்கிறேன்... வைக்கிறீங்களா... அக்காவ இனிமே திட்டாதீங்க, அது மட்டும் எனக்கு... ஹலோ..."

லைன் போய்விட்டது. ஆன்மேரி இன்னும் இரண்டு தடவை ஹலோ சொல்லிப் பார்த்தாள்.